தெருச் சாவியெல்லாம் அவளிடம்

எங்கள் தெருவில் வீட்டைப் பூட்டுகிறவர்கள் சாவியை எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள். இஸ்திரிக்கார அக்காவின் வண்டியில் மாட்டிவிட்டுப் போவார்கள். சித்தூரில் வேறு எந்தத் தெருவிலும் இந்த வழக்கத்தை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அந்தத் தெருக்காரர்களையும் திட்டியிருப்பேன்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. தெருவில் பாதிப் பேருக்கு அது தெரியாது. பெயர் தெரியாத ஒருத்தியிடம் இருபது வருடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தவர்கள், இப்போது நான் எழுதித் தெரிந்துகொள்ள வேண்டாம்.

கடைவீதிக்குப் பின்னால், பழைய கல் வளைவுக்குள் நுழைந்தால் எங்கள் தெரு. சுண்ணாம்புச் சுவர், மரத்தூண், ஆள் உயரத்தில் பித்தளைக் குமிழ் வைத்த கதவுகள். நடுவில் ஒரு கல்தொட்டி. குதிரை வண்டிகள் வந்த காலத்தில் குதிரைக்குத் தண்ணீர் வைத்தது. அதன் பக்கத்தில் ஒரு புங்க மரம். மரத்தடியில் அவள் வண்டி. எதிரில் என் ஜெராக்ஸ் கடை. அதனால் இருபது வருடமும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன் என்பதைத் தவிர என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

வண்டியின் பக்கவாட்டில் ஒரு பலகை. பலகையில் ஆணிகள். காலையில் ஒவ்வொருவராக வந்து சாவியை நீட்டுவார்கள். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாங்கி மாட்டுவாள்.

“வெச்சிட்டுப் போ பாப்பா. நான் எங்க போவப் போறேன்?”

தெலுங்கு வீடுகளுக்கு அதையே தெலுங்கில் சொல்வாள். “நேனெக்கடிக்கி போதானம்மா?” இரண்டு மொழியிலும் அதே சிரிப்பு. அதைக் கேட்டால் நிம்மதியாக இருக்கும். ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போது வீட்டைப் பற்றிய நினைப்பே வராது. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவள் சாவி கொடுப்பாள். கேஸ் சிலிண்டர் வந்தால் அவள் கதவைத் திறந்துவிடுவாள். கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவன் நேராக அவளிடம்தான் போவான்.

சாவிகளில் பெயர் கிடையாது. ஒருமுறை எங்கள் தெருவில் குடியிருக்கிற வாத்தியார் காகிதத்தில் வீட்டு நம்பர் எழுதி ஒவ்வொன்றிலும் கட்டிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தேவையும் இல்லை. “பல்லு ஒடஞ்சது வாத்தியார் ஊடு. கருப்புக் கயிறு போட்டது பட்டறக்காரர் ஊடு. ரெண்டா தொங்கறது அல்லேலூயா ஊடு” என்பாள். அல்லேலூயா வீடு எங்கள் வீடு. தாத்தா காலத்திலிருந்து மிஷன் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அந்தப் பெயருக்காக நான் கோபித்துக்கொண்டதில்லை.

கோபப்பட வேண்டிய விஷயம் வேறு. இத்தனை சாவி கையில் இருந்தும் ஒரு வீட்டிலும் அவள் வாசற்படி தாண்டியதில்லை. சிலிண்டர்காரன் உள்ளே போய் அடுப்படி வரைக்கும் நடந்து வருவான். அவள் கதவைத் திறந்துவிட்டுப் படியில் நிற்பாள். உள்ளே வராதே என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. துணி வெளுக்கிற ஜாதி, அவளுக்கே தெரியும், அவ்வளவுதான். எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே தகப்பன் பிள்ளைகள் என்று பாடிவிட்டு வருகிற வீடு.

தினமும் மூன்று மணிக்கு அவள் போன் அடிக்கும். ரேணிகுண்டாவில் இருக்கிற தங்கை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. அம்மா செத்த பிறகு அக்காதான் வளர்த்தாள், கட்டிக்கொடுத்தாள். தங்கை புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகன், அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. ஒருநாள் வலிப்பு தெளிந்த மயக்கத்தில் அவள் எழுந்து போய் ரயில் பாதை ஓரத்தில் விழுந்து கிடந்தாள். அன்றிலிருந்து மகன் வேலைக்குப் போகும்போது கதவை வெளியில் பூட்டிவிட்டுப் போவான். காலை ஏழு மணிக்குப் பூட்டினால் மாலை ஏழு மணிக்குத் திறப்பான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு வேறு ஆள் இல்லை.

மாத்திரைத் தூக்கம் கலைந்து அவள் போன் செய்கிற நேரம்தான் மூன்று மணி. அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு, துணி மடிப்புக்கு நடுவில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே தேய்ப்பாள். என் கடை வரைக்கும் கேட்கும்.

“இன்னா பண்ற?”

“ஒக்காந்துக்கினு கீறேன்.”

“துன்னியா?”

“துன்னேன்.”

“கதவு?”

“சாத்திக்கினுதான் கீது.”

தினமும் இதே பேச்சு. கதவு பூட்டியிருப்பது தெரிந்தும் தினமும் கேட்பாள்.

ஒருமுறை தங்கையை இங்கேயே கூட்டி வந்து ஒரு மாதம் வைத்திருந்தாள். வண்டிப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைப்பாள். அங்கேயே வலிப்பு வந்து, கரி கனிந்துகொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியின் மேல் விழுந்தாள். முழங்கை வரைக்கும் வெந்துபோனது. தெருவில் எல்லோரும் ஓடி வந்தோம், தண்ணீர் ஊற்றினோம். மறுநாள் வாத்தியார் வீட்டம்மா, பிள்ளைகள் பார்த்துப் பயப்படுகின்றன என்றாள். அந்த வாரமே தங்கை திரும்பப் போய்விட்டாள்.

அதனால் அக்கா அங்கே போவதுதான் வழி. இதை அவள் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். தங்கை வீட்டு வாசலிலேயே ஒரு டேபிள் போட்டால் போதும், பக்கத்தில் வரிசையாக ரயில்வே குவார்ட்டர்ஸ், துணிக்குப் பஞ்சமில்லை, கதவும் திறந்தே கிடக்கும். எனக்கு இது தெரியாது என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது. நன்றாகத் தெரியும்.

“போயேன் யக்கா. ஒன்ன யாரு கட்டிப் போட்டாங்க?” என்று கேட்டேன்.

பலகையைக் காட்டினாள். “ஆணி காலியாவட்டும். போறேன்.”

ஆணி எப்படிக் காலியாகும்? ஒருத்தர் வந்து எடுப்பதற்குள் இன்னொருத்தர் மாட்டுவார். திருப்பதிக்குப் போகிறவர் மூன்று நாள் மாட்டிவிட்டுப் போவார். அவளுடைய நியாயம் அவளுக்கு. ஒரு சாவி தொங்கினாலும் அந்த வீட்டுக்காரர் அவளை நம்பி வெளியே இருக்கிறார் என்று அர்த்தம். நீங்கள் என்ன சொன்னாலும் அதைத் தாண்டி அவள் வர மாட்டாள். அவளுடைய நல்ல குணமும் அதுதான், அவளைப் பிடித்த சனியும் அதுதான்.

எல்லாவற்றையும் குப்பையில் வீசிவிட்டுப் போ என்று ஒருநாள் கத்தினேன். “மொதல்ல நீ உன்னுத எடுத்துக்கினு போ பாப்பா” என்றாள். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் இடுப்பில் செருகிக்கொண்டு அலைந்தேன். என் வீட்டுக்காரருக்குச் சூளூர்பேட்டையில் வேலை, எந்த ரயிலில் வருவார் என்று சொல்ல முடியாது. மூன்றாம் நாள் நான் பேங்குக்குப் போயிருந்தபோது வந்து பூட்டின வீட்டுக்கு முன்னால் நின்றார். நாலாம் நாள் சாவி பழையபடி ஆணியில். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரே ஒருமுறை கிளம்பினாள். தங்கையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று காலையில் தகவல். இரண்டு மணி நேரம் வீடு வீடாகப் போய்ச் சாவியைக் கொடுத்தாள். வேலைக்குப் போனவர்களுடையதை என் கடையில் வைத்தாள். திருப்பதி பஸ் ஏறிச் சந்திரகிரி வரைக்கும் போய்விட்டாள். டிக்கெட்டை முந்தானையில் முடியப் போனபோது அங்கே ஒரு சாவி இருந்தது. பல் உடைந்த சாவி. இறங்கி எதிர் பஸ் பிடித்துத் திரும்பி வந்தாள். வாத்தியார் வீட்டம்மா காய்கறிப் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு மணி நேரமாக வெயிலில் நிற்கிறேன் என்று ஆரம்பித்து, ஒரு பொறுப்பு வேண்டாமா என்பதில் முடித்தாள். தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. அக்கா, தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டு, கரியை மூட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை.

பிறகு ஊரடங்கு வந்தது. எல்லோரும் வீட்டில். முதல்தடவையாக எல்லா ஆணியும் காலி. அவள் வண்டிக்கு முன்னால் வந்து நின்று பலகையையே பார்த்துக்கொண்டிருந்ததை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒரு துணியை எடுத்து ஆணிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பஸ் கிடையாது, ரயில் கிடையாது, வளைவைத் தாண்டினால் போலீஸ். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்குப் பதிலாக எனக்கு அதுதான் வரும். வேடிக்கை என்னவென்றால், ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது ரேணிகுண்டாவில் அவள் தங்கை வீட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது. மகனுக்கும் வேலை இல்லை, வீட்டில் இருந்தான். “கதவு?” என்றால் அந்த இரண்டு மாதமும் “தொறந்துக்கினு கீதுக்கா” என்று பதில் வந்தது. பஸ் ஓட ஆரம்பித்த அன்றே சாவிகளும் ஆணிக்கு வந்துவிட்டன.

அதற்குப் பிறகுதான் அந்தக் குழு வந்தது.

பழைய தெருக்களுக்கு உயிர் கொடுப்பது அவர்கள் வேலை. முனிசிபாலிட்டி அழைத்து வந்திருந்தது. திருப்பதியில் ஆபீஸ். இரண்டு பெண்கள், ஒரு தாடிக்காரர். இடிக்க மாட்டோம், துரத்த மாட்டோம், உங்களைக் கேட்காமல் ஒரு கல்லைக்கூட நகர்த்த மாட்டோம் என்றார்கள். சொன்னபடியே செய்தார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று எழுதினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் நாறிக்கொண்டிருந்த சாக்கடையை மூடினது அவர்கள்தான். வளைவில் முளைத்திருந்த ஆலஞ்செடியை வேரோடு எடுத்ததும் அவர்கள்தான். இரண்டு மொழியும் தெரியும், வாயும் நீளம் என்று என்னைத் தெருவுக்கு ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார்கள். கழுத்தில் அட்டை. எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு வாரம் தெருவில் உட்கார்ந்து யார் எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று குறித்தார்கள். பிறகு ஒரு படம் போட்டார்கள். தெருவில் நடக்கிற எல்லாக் கோடுகளும் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தன. அக்காவின் வண்டி. தாடிக்காரர் அதில் விரலை வைத்து, இதுதான் இந்தத் தெருவின் இருதயம் என்று தெலுங்கில் சொன்னார். நான் அதை அக்காவிடம் போய்ச் சொன்னேன். “அப்படியா?” என்று ஒரு சட்டையைத் திருப்பிப் போட்டாள்.

கூட்டம் பள்ளிக்கூட வராண்டாவில் நடந்தது. சுவரில் தெருவின் போட்டோக்களை ஒட்டியிருந்தார்கள். வளைவு, தொட்டி, சாக்கடை, தலைக்கு மேல் பின்னிக் கிடக்கிற ஒயர்கள், அக்காவின் வண்டி. ஒவ்வொருவருக்கும் இரண்டு ஸ்டிக்கர் பொட்டு. எது எப்போதும் இருக்க வேண்டுமோ அதில் பச்சை. எது இனி வேண்டாமோ அதில் சிவப்பு. நான் இரண்டு மொழியிலும் இரண்டு இரண்டு தடவை சொன்னேன்.

அக்கா கடைசியாக வந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு போட்டோவாகப் பார்த்தாள். அவள் வண்டி போட்டோவில் அதற்குள் பச்சைப் பொட்டுகள் மொய்த்திருந்தன. அதன் நடுவில் வண்டிச் சக்கரம் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. அந்தச் சக்கரத்தின் மேல் சிவப்புப் பொட்டை ஒட்டினாள். விரலால் இரண்டு முறை அழுத்தினாள்.

எல்லோரும் சிரித்தார்கள். “அவளுக்கு அவளையே புடிக்கல போல கீது” என்றார் வாத்தியார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அன்பான சிரிப்புதான். நானும் சிரித்தேன்.

“யக்கா, செவப்புன்னா வேணாம்னு அர்த்தம்” என்று சொல்லி, பொட்டைப் பிய்த்துச் சாக்கடை போட்டோவில் ஒட்டினேன். அவள் உள்ளங்கையிலிருந்த பச்சையையும் நானே எடுத்து, அது இருந்த இடத்தில் ஒட்டிவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் சிரித்தாள். படிக்காதவள், குழம்பிவிட்டாள் என்று நினைத்தேன். இருபது வருடம் ஒரு சாவிகூட மாற்றிக் கொடுக்காதவள் இரண்டு பொட்டில் குழம்புவாளா என்று எனக்குத் தோன்றவில்லை. கழுத்தில் அட்டை இருந்தால் இதெல்லாம் தோன்றாது.

தெரு கேட்டதை அவர்கள் கொடுத்தார்கள். கல்தொட்டிக்குப் பக்கத்தில் கருங்கல் மேடை, ஓட்டுக்கூரை, சுற்றிலும் உட்காரக் கல் பெஞ்சுகள். ஆணிப் பலகைக்குப் பதிலாகப் பின்சுவரில் இருபத்து மூன்று பித்தளைக் கொக்கிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே வீட்டு நம்பர். பழைய வண்டியை இரும்புக் கடைக்காரன் எடுத்துக்கொண்டு போனான். அந்த வண்டிக்குச் சக்கரம் இருந்தது. ஒருநாளாவது தள்ளிக்கொண்டு போகலாம் என்று நினைக்கவாவது முடியும். கருங்கல்லை எங்கே தள்ளுவது?

ஒரு காகிதமும் வந்தது. அந்த இடம் அவளுக்கு மட்டும், வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது, தினமும் திறந்திருக்க வேண்டும். அவளை யாரும் காலி பண்ணக் கூடாது என்பதற்காகத் தாடிக்காரர் போராடி வாங்கிய காகிதம். முனிசிபாலிட்டியில் நாலு மாதம் அலைந்தார். அதைப் படித்துக் காட்டியது நான். தூக்க முடியவில்லை, கேஸ் இஸ்திரிப் பெட்டி வாங்கலாமென்று இருக்கிறேன் என்று அவள் சொன்னபோது, கரிப்பெட்டி இருந்தால்தான் பார்க்க வருகிறவர்களுக்குப் பிடிக்கும் என்று அவர்கள் சொன்ன பதிலை அவளிடம் கொண்டு வந்ததும் நான். தூணில் பலகை வைத்தார்கள். அவள் போட்டோ, கீழே அவள் பேச்சு, மூன்று மொழியில். தமிழை என் கடையில்தான் அடித்தோம். ‘நான் எங்கே போகப் போகிறேன்?’

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். திருப்பதிக்குச் சாமி பார்க்க வந்தவர்கள் சிலர், காலேஜ் பிள்ளைகள் சிலர். ஒரு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கச் சொல்லிப் போட்டோ எடுப்பார்கள். எந்தச் சாவி யாருடையது என்று கேட்பார்கள். அவள் சொல்வாள். கொக்கிக்குக் கீழே இருக்கிற நம்பரை அவள் கண்டுகொள்ளவே இல்லை. பழைய பலகையில் எந்த வரிசையில் மாட்டினாளோ அதே வரிசையில்தான் இங்கேயும் மாட்டினாள். நம்பருக்கும் சாவிக்கும் சம்பந்தமே கிடையாது. யாரும் கவனிக்கவில்லை. எனக்குத் தெரியும், சொல்லவில்லை. அவளுக்கென்று அதுவாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில் நாங்களும் கிளம்புவதாக இருந்தோம். சூளூர்பேட்டையில் ஸ்டேஷன் பக்கத்தில் வீடு பார்த்துவிட்டார் என் வீட்டுக்காரர். கீழே கடை போட இடம். இரண்டு மாதத்தில் குடி போவதாகப் பேச்சு.

அது ஒரு வேலைநாள். மூன்று மணி ஆயிற்று, போன் அடிக்கவில்லை. நான் கவனித்தேன். பத்து நிமிடம் கழித்து அவளே அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இன்னொரு முறை. இன்னொரு முறை. மகனுக்கு அடித்தாள். வேலை நேரத்தில் அவன் போன் வெளியே பெட்டியில் இருக்கும். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கொக்கிகளைத் திரும்பிப் பார்த்தாள். பதினேழு பதினெட்டுச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

என் கடைக்கு வந்தாள்.

“பாப்பா, ஒரு பத்து நிமிசம் அங்க ஒக்காரு.”

“எங்க போற?”

“இதோ.”

கக்கூசுக்குப் போகிறாள் என்று நினைத்தேன். பை இல்லை, வேறு புடவை இல்லை, போன் மட்டும் கையில். நான் போய் மேடையில் உட்கார்ந்தேன். அவள் வளைவு வரைக்கும் மெதுவாக நடந்தாள். வளைவைத் தாண்டியதும் ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததே கிடையாது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் பையை மேடையில் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டார்கள். ஆறு மணிக்கு மேல் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவசரத்தில் நம்பரைப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். பூட்டில் நுழையவில்லை என்று திரும்பி வந்தார்கள். நம்பருக்கும் சாவிக்கும் சம்பந்தமில்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. சாவிகளை மொத்தமாக அள்ளி மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக நீட்டினேன். அக்கா சொல்லிக் கேட்ட அடையாளங்களில் ஒன்றுகூட அந்த நெருக்கடியில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. யாருக்கும் அவரவர் சாவி எது என்று அடையாளம் தெரியவில்லை. இருபது வருடம் கையில் வைத்துப் பார்த்திருந்தால்தானே. தெரு முழுக்க வெளியே நின்றது. அந்தக் கல் பெஞ்சுகள் வைத்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல்முறையாக நிறைந்தன. தாடிக்காரர் இருந்திருந்தால் போட்டோ எடுத்திருப்பார்.

எங்கே போய்த் தொலைந்தாள் என்றார் ஒருத்தர். சொல்லிவிட்டுப் போனால் என்ன என்றார் இன்னொருத்தர். நான் விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு எடுத்தாள். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“யக்கா, எங்க கீற?”

“ரேணிகுண்டால.”

என் வாயில் தானாக வந்தது. “கதவு?”

“பூட்டு தொங்கிக்கினு இருந்துது. ஊருச் சாவியெல்லாம் வெச்சிக்கினு இருந்தவ, இதுக்கு ஒண்ணு வெச்சிக்கல பாரு. கல்ல எடுத்து ஒடச்சேன்.”

“தங்கச்சி?”

“நெத்தி பொளந்துக்கினு கெடந்தா. மூச்சு கீது. ஆஸ்பத்திரில ஒக்காந்துக்கினு கீறேன். தையல் போட்றாங்க.”

  வாத்தியார் வீட்டம்மா என் தோளைத் தட்டினாள். “எங்க ஊட்டு சாவி எதுன்னு கேளு.”

அது போனில் அவளுக்கே கேட்டுவிட்டது. “பல்லு ஒடஞ்சதும்மா. நுனியில ரெண்டாவது பல்லு” என்றாள்.

அப்படியே ஒவ்வொன்றாகச் சொன்னாள். கருப்புக் கயிறு. தலை வளைந்தது. துருப்பிடித்துத் தேய்த்தது. கழுத்தில் கீறல் இருப்பது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, நர்ஸ் கூப்பிடும்போது “ஒரு நிமிசம்மா” என்று சொல்லிக்கொண்டு, எண்பது கிலோமீட்டர் தள்ளி இருந்து எங்கள் தெருவின் எல்லாக் கதவையும் திறந்துவிட்டாள். சாவி கிடைத்தவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். கடைசியில் நான் மட்டும் மேடையில்.

“எல்லாரும் உள்ள போய்ட்டாங்களா?”

“போய்ட்டாங்க.”

“ஆணி காலியா?”

பித்தளைக் கொக்கிகளைப் பார்த்தேன். “காலி யக்கா.”

“அப்ப செரி.” வைக்கப் போனவள் மறுபடியும் பேசினாள். “அன்னிக்கு நான் செரியாத்தான் ஒட்னேன் பாப்பா. நீதான் பிச்சிட்ட.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். வைத்துவிட்டாள்.

அவள் திரும்பி வரவில்லை. தங்கை வீட்டு வாசலில் டேபிள் போட்டுவிட்டாள் என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது? மூன்று மணி ஆனால் மட்டும் காது எதிர்ப்பக்கம் போகும்.

அவள் போன மறுநாள் காலையில் நான் கடையைத் திறக்கும்போது வாத்தியார் வீட்டம்மா மேடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பித்தளைக் கொக்கியில் சாவியை மாட்டினாள். பட்டறைக்காரர் வந்து மாட்டினார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். வாய்க்கு வந்தபடி திட்டினேன். நேற்று நடந்ததை நேற்றே மறந்துவிட்டீர்களா என்றேன். அங்கே ஆள் இல்லை, இனி வரவும் மாட்டாள், எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். எங்களுக்கு அடுத்த மாதம் சூளூர்பேட்டை என்றேன்.

வாத்தியார் வீட்டம்மா நான் கத்தி முடிக்கும் வரைக்கும் பொறுமையாக நின்றாள். பிறகு வந்து என் கன்னத்தைத் தடவினாள்.

“எதிர்லதானேம்மே கீற, ஒரு கண்ணு பாத்துக்க. நீ எங்க போவப் போற?”

அன்பாகத்தான் கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள். கொக்கியில் அவள் சாவி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. சூளூர்பேட்டை வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.